வெறும் தண்ணீர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஹிபா, சர்க்கரையைத் தின்னும் நொதியைக் கரிக்கம்பி ஒன்றில் ஒட்டியிருந்தாள். சர்க்கரை பட்டால்தான் மின்சாரம் வரும். வெறும் தண்ணீரில் நின்ற அந்தக் கம்பியோ பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு, அவள் பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறக்கும்போது மட்டும் மின்சாரத்தை அளக்கும் திரையில் கோடு ஒன்றை உயர்த்தியது. மூன்று நாளாக இப்படித்தான்.

“சர்க்கரை எதுனா ஊத்துனியாம்மா?” என்றார் கூட வேலை செய்யும் ஜெகதீசன்.

“வெறும் தண்ணிதாண்ணே கீது.”

நான்காம் நாள், பள்ளிவாசலின் மாலைப் பாங்கு கேட்டபின் சற்றுப் பொறுத்துத் தின்றால் கோடும் பொறுக்குமா என்று பார்க்க ஆசைப்பட்டு, பழத்தோடு திரைமுன் உட்கார்ந்தாள்.

பாங்குக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. கோடு ஏறத் தொடங்கியது. கையில் பழம் முழுசாகத்தான் இருந்தது.

ஹிபாவின் நாக்கில் தித்திப்பு பரவியது. எச்சிலை விழுங்காமல், பாங்கு வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.