கனடாப் பெட்டி

"ஐயோ, அந்தப் பெட்டியைக் கழட்டாதேங்கோ! பிள்ளை கோல் எடுப்பாள்!"

பதற்றத்தில் யோகத்துக்கு ஜேர்மனியில் பேசும் டொச் மறந்து தமிழ்தான் வந்தது. பல்கனியில் ஏணிமேல் நின்ற கணவர் பரராசசிங்கம் திரும்பவில்லை. அலைவரிசைகளைக் கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, புரியாமல் இருவரையும் பார்த்தார்.

"சும்மா இரும் யோகம். கழட்டாட்டித் தண்டமாம்."

"தண்டத்தைக் கட்டுங்கோ. அவளுக்கு இது பிள்ளை பெறுற மாசமெல்லே! ஊன்ட்றொப் கோயில் தேருக்கு வயிறும் வாயுமாய் வந்து நிண்டவளாம். சனத்துக்குள்ள கிட்டப் போகேலாமல் போச்செண்டு அங்க போன சுலோஜனா சொன்னவ."

ஒரே மகள் நிருஷா, தமிழ்நாட்டு வசந்த்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய் இரண்டு வருடம். அன்றே பரராசசிங்கம், தன் பெயரில் இருந்த அவளுடைய போன் இணைப்பை வெட்டிவிட்டார். புது நம்பர் யோகத்துக்குத் தெரியாது. ஆனால் அம்மாவின் நம்பர் மாறவில்லையே. எடுப்பாள் என்றே காத்திருந்தாள். ஏன் இன்னும் கோல் வரவில்லை என்று கேட்டபோதெல்லாம் பரராசசிங்கம் ஒரு காரணம் சொன்னார்.

"வுப்பர்டால் பள்ளத்துக்குள்ள கிடக்கு, மலை மறைக்குது."

"மற்றவையின்ர கோல் வருதே?"

"அவளின்ர போன் கொம்பனி வேறயப்பா."

யோகம் சாப்பாட்டை வெறுத்துக் கிடந்தபோது, கனடா போய்வந்த அவரே சிக்னலைக் கூட்டும் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து பூட்டினார். ஞாயிறுதோறும் அவளது போனை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தும் கொடுப்பார். மனுசன் கோபக்காரன்தான், ஆனாலும் எனக்காக இவ்வளவு செய்கிறாரே என்று அவள் உருகியதுண்டு.

இப்போது டொச்சில், மகள் கதையை அதிகாரியிடம் சொல்லி அழுதாள்.

அவர் குரலைத் தணித்தார். "அம்மா, இது கனடாவுக்கான கருவி. இங்கே சிக்னலைக் கூட்டாது. அயலவர்களின் போன்களைத்தான் குழப்பும். இந்தத் தெருவில் எப்போதுமே நல்ல சிக்னல். உங்கள் மகள் எந்தக் கொம்பனி என்றாலும் கோல் வரும்."

"அப்ப ஏன் வரேல்லை?"

அதிகாரி கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். அவர் இரண்டு மூன்று இடங்களில் தட்டினார், புருவம் சுருங்கியது.

"ஒரு நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்களே. அதிலிருந்து வந்த நிறையச் செய்திகள் தனியே ஒதுங்கிக் கிடக்கின்றன. நீங்களா தடுத்தீர்கள்?"

"எனக்குப் பச்சையும் சிவப்பும் அமத்துறதைத் தவிர ஒண்டும் தெரியாதே."

அதிகாரி அந்தச் செய்திகளைத் திறந்து போனை அவளிடமே கொடுத்தார். ஏணி கிறீச்சிட்டது. பரராசசிங்கம் அவசரமாக இறங்கி வந்தார்.

"யோகம், போனை இஞ்ச கொண்டாரும். நான் பாக்கிறன்."

முதல் தடவையாக அவள் கொடுக்கவில்லை. அவருக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு, கடைசிச் செய்தியை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

'அம்மா, நாளைக்கு எனக்கு ஒப்பரேசன். பிள்ளை திரும்பிக் கிடக்காம். பயமாக் கிடக்கம்மா, இண்டைக்கு ஒருக்காலாவது எடுங்கோ.'

அது வந்து பதினொரு நாளாகியிருந்தது.