கறுப்புக் கவர்

கனகவல்லி அக்கா பழைய டியூபை உருவியதும், கொடுங்கள் என்று கையை நீட்டினேன்.

அதைப் பாதி கறுப்புக் கவருக்குள் விட்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூன்று வருடமாக வீட்டுக்கு வந்து எனக்கு யூரின் டியூப் மாற்றுகிற நர்ஸ் அவர். நான் ஒருநாளும் இப்படிக் கை நீட்டியதில்லை.

வண்டலூரில் பைக்கிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போனதிலிருந்து, மார்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது. ஊசி, சூடு, எங்கள் ஊரப்பாக்கம் கொசு, எதுவும். டாக்டர்களுக்கு மட்டும் இது அடிக்கடி மறந்துபோகும்.

கடந்த ஏழு மாதத்தில் நான்கு முறை காய்ச்சல். தலை வெடிக்கும், முகம் வியர்த்துக் கொட்டும். ஒரு மாதம் வரவேண்டிய டியூப் இரண்டு வாரத்தில் அடைத்துக்கொள்ளும்.

பெரிய டாக்டர் ஒருவரிடம் போனோம். சுவர் முழுக்கச் சான்றிதழ். வயிற்றை அமுக்கி, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வலி இல்லை என்று எழுதிக்கொண்டார். படிப்பு என்றால் அதுவல்லவா படிப்பு!

எக்ஸ்ரே எடுத்தார்கள். கல் இல்லை. வலியும் இல்லை, கல்லும் இல்லை. தாம்பரம் வட்டாரத்திலேயே ஆரோக்கியமான ஆள் நான்தான்.

மச்சான் அக்தர் தினமும் வாழைத்தண்டு ஜூஸோடு வந்தான். கல் இருந்தால் கரையுமாம், இல்லாவிட்டால் உடம்புக்கு நல்லதாம். என்ன ஒரு வைத்தியம்.

நான்காவது காய்ச்சல் ஐசியூ வரை கொண்டுபோனது. அங்கே ஒரு சின்ன டாக்டரம்மா, சான்றிதழ் மாட்டச் சொந்தமாகச் சுவர்கூட இல்லாதவர், இன்னொரு தடவை இப்படி வந்தால் கிட்னி தாங்காது என்றார். பிறகு, கழற்றிய டியூபை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். சிறுநீர்ப்பைக் கல் பல நேரம் எக்ஸ்ரேயில் சிக்காதாம். டியூப் நுனியில் மணல் மாதிரி ஒட்டியிருந்தால், உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டுமாம்.

யார் பார்த்தார்கள்? ஆஸ்பத்திரியில் மாற்றியதை ஆயா அப்போதே குப்பையில் போட்டுவிட்டார். வீட்டிலோ கனகவல்லி அக்காவின் சுத்தம் பேர்போனது. டியூபை உருவிய நொடியில் பேப்பரில் சுற்றி, கவரில் போட்டு, இரண்டு முடிச்சு. தங்கம் கடத்துகிறவர்கள் அவரிடம் பாடம் படிக்கலாம். ஏழு மாதமாக என் நோயைப் பொட்டலம் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்திருக்கிறார், எங்களிடம் பாராட்டும் வாங்கிக்கொண்டு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இன்று கேட்டுவிடுவது என்றே படுத்திருந்தேன்.

அக்கா நீட்டிய டியூபை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். தாம்பரம் மார்க்கெட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். பாதி ஊருக்குப் பார்வை என் பொறுப்பு.

டியூப் நுனியில் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தேய்த்தேன். நறநறவென்று உள்ளங்கையில் உதிர்ந்தது.

என் மனைவி ஷபீனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத நீங்க ஒருநாளும் பாத்ததே இல்லையாக்கா?" குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிட்டது.

கனகவல்லி அக்கா கவரை நிதானமாக மடித்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"ஏழு மாசமா பாத்துகினுதான் கீறேன் பாய். நீங்கதான மொத நாளே சொன்னீங்க, இந்தக் கருமத்த என் கண்ணுல காட்டாத, இதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த பேசாதன்னு."

ஷபீனாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

அவளுக்கும் அதே உத்தரவுதான் போட்டிருந்தேன்.