ரோஷமுள்ள டீம்

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கேலரியின் கடைசி வரிசையில் தூணோடு தூணாக ஒண்டி உட்கார்ந்திருந்தார் கோச். தெரிந்த முகம் எது வந்தாலும் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

கீழே மோதிக்கொண்டிருந்தவை ஹாக்கி லீக் பட்டியலில் கடைசி இரண்டு இடங்களில் கிடந்த அணிகள், நீலமும் சிவப்பும். அணியைத் தூக்கி நிறுத்த வாருங்கள் என்று இரண்டு முதலாளிகளும் அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். இன்று தோற்கிற அணிக்கு வருகிறேன், வைத்தியன் நோயாளி வீட்டுக்குத்தானே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆட்டக்காரர்கள் காதில் மட்டும் இது விழக்கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்காத குறைதான்.

பழைய அணியை விட்டு வந்து ஒரு வருஷமாக வீட்டில் சும்மா இருக்கிறார். அங்கே அவரை வழியனுப்பிய அன்று ஒரு பையன்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த வலி இன்னும் ஆறவில்லை. விடியுமுன் எழுப்பி ஓடவிட்டதும், செல்போனைப் பிடுங்கி வைத்ததும், சிரித்தவனை மைதானம் சுற்றவிட்டதும் அவர்கள் நன்மைக்குத்தானே? பையன்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கசாயம். உடம்புக்கு நல்லது என்பதால் வைத்தார்கள் என்று அவர் நம்பினார்.

கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள்.

"இந்தத் தடவையாவது பசங்ககிட்ட ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசுங்க."

சிரிப்பில் என்ன இருக்கிறது? ஆட்டம் வராதவனுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம், ரோஷம் வராதவனுக்கு முடியாது என்பது அவர் கட்சி. ரோஷமுள்ள அணி ஒன்று கிடைத்தால் போதும், அதை மேலே கொண்டுவந்து, இந்த வயதிலாவது நாலு பையன்கள் தன்மேல் பிரியம் வைப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஏக்கம்.

அதனால்தான் இன்றைய ஆட்டத்தைப் பார்த்து வாயடைத்துப்போனார். சீசன் முழுக்கத் தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி ஆடிய இரண்டு கும்பலும் இன்று உயிரைக் கொடுத்து ஆடின. நடுவில் ஒருமுறை நீல அணிக் கேப்டன் தூண் இருந்த பக்கம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னான். அதன்பிறகு அவர்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினார்கள். சிவப்பில் ஒருவன் பந்தை மறிக்க முகத்தையே கொண்டுபோய்க் கொடுத்தான்.

மூன்றுக்கு மூன்று என்று இருந்த ஆட்டம், கடைசி நிமிஷத்தில் நீலத்துக்குக் கிடைத்த பெனால்டி கார்னர் கோலில் முடிந்தது. நீல அணி கோப்பையே வாங்கிவிட்ட மாதிரி கட்டிப்பிடித்துப் புரண்டது. சிவப்பு அணியின் கோல்கீப்பர், கதவை அடைக்கிற ஆகிருதி, கோலுக்குள்ளேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கோச் தூணை விட்டு எழுந்தார். தோற்றுவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே பஸ் ஏறுகிற பயல்கள் இவர்கள். இன்று ஒரே ஒரு தோல்விக்கு இப்படி உருகுகிறார்கள் என்றால் ரோஷம் பிறந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அந்த இடத்திலேயே மனசுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிவப்பு அணியின் அறைக்குள் நுழைந்தார். அவரைக் கண்டதும் அழுகை அடங்கவில்லை, இன்னும் ரெண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பாசக்காரப் பிள்ளைகள் என்று நினைத்தபடி கோல்கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தோளில் கைபோட்டு, பழக்கமில்லாத ஒரு புன்னகையை முகத்துக்கு வரவழைத்தார்.

"ஒரு மேட்ச்தானேப்பா. தோக்காதவன் யாரு? இதுக்குப் போய் இப்படி அழலாமா?"

கோல்கீப்பர் ஜெர்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தான்.

"தோத்தா நீங்கதான் கோச்சுன்னு நேத்தே சொல்லிட்டாங்க சார்."