சத்து மாத்திரை

"பயப்படாதீங்கம்மா, கேன்சர் இல்லை. ஈரல்ல சாதாரணக் கட்டிதான்" என்றார் டாக்டர். கோமதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கருத்தடை மாத்திரையை மட்டும் இன்னையோட நிறுத்திருங்க. பெரும்பாலும் தானா சுருங்கிரும்."

"அதெல்லாம் நான் சாப்பிடறதே இல்லை டாக்டர். பிள்ளை வேணும்னு நான் ஏறி இறங்காத கோயில் இல்லை."

"வருஷக்கணக்கா அதைச் சாப்பிடறவங்களுக்குத்தான் இந்தக் கட்டி அதிகமா வரும். வேற மாத்திரை ஏதாவது?"

"சத்து மாத்திரை ஒண்ணு. தினமும் அவரே பிரிச்சு உள்ளங்கையில வச்சுத் தருவார்..." சொல்லும்போதே அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

வெளியே காத்திருந்த ஞானவேல் ஓடி வந்தான். "கேன்சர் இல்லையே?" அவள் இல்லையென்று தலையசைத்ததும் மனைவியின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். நிஜமான அழுகைதான். அம்மன் கோயில் மரத்தில் தொட்டில் கட்டிய அன்றும் இப்படித்தான் அழுதான். காற்றுக்கு அவிழ்ந்துவிடக் கூடாதென்று முடிச்சை இழுத்து இறுக்கியதும் இதே கைகள்தான்.

கோமதி தன் கையை உருவிக்கொண்டு, உள்ளங்கையை அவன் முன்னால் விரித்து நீட்டினாள்.

"இன்னைக்கு மாத்திரையை அட்டையோட குடுங்க."