ஊசிமுனைக்கு மனசு வராத படம்

கிளிக்கூடு இருந்த மரப்பொந்தை நோக்கி வைத்த ஒரு பழைய டிவி கேமராவுக்குள், படம் பதியும் ஒளிப்படலமும் எலெக்ட்ரான் தெளிக்கும் ஊசிமுனையும் அக்கா தம்பியாகக் குடியிருந்தன. பொந்தின் மங்கலான வெளிச்சத்திலும் அக்காமேல் படம் விழுந்துவிடும். தம்பி எலெக்ட்ரானைத் தெளித்து அந்தப் படத்தைப் படித்து வெளியே சொல்லுவான். படித்ததுமே படம் அழிந்துபோகும்.

ஒருநாள், கண் திறக்காத குஞ்சைத் தாய்க்கிளி அணைத்திருக்கும் படம் விழுந்தது. தம்பி அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா, சும்மா நிக்கிற?"

"தொட்டா போயிடுமேக்கா. இது ஒண்ணாவது இருந்துட்டுப் போகட்டும்."

"பொந்துல என்னமோ அசையுதுடா. என்மேல பழசு அப்பிக் கிடந்தா புதுசு எங்க வந்து உக்காரும்?"

தம்பி மனசைக் கல்லாக்கிக்கொண்டு தெளித்தான். தாய்க்கிளி மறைந்தது.

அதே இடத்தில் விழுந்த புதுப் படத்தில், குஞ்சு கண்ணைத் திறந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.