ஒரு வகுப்பு பாக்கி

ஜுஹி ஒரு வகுப்பு பாக்கி வைத்திருந்தாள். அதை வசூலிக்கத்தான் மிரான் கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

தென்கொரியாவின் யோசு நகரில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் இங்கிலீஷுக்கு இரண்டே டீச்சர்கள். ஒருத்தி வகுப்பை மற்றவள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்ததை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். வருசா வருசம் நடக்கிற சடங்கு. நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு, கமலா ஆரஞ்சை உரித்துத் தின்றுவிட்டுக் கலைவார்கள்.

இந்த ஏப்ரலில் மிரானின் வகுப்பைப் பார்த்த ஜுஹி நல்ல வார்த்தை பேசவில்லை.

“யாங் டீச்சர் வகுப்புல அஞ்சு பிள்ளைங்கதான் வாயத் தொறந்தாங்க. மத்தவங்க நாற்காலிக்குத் துணையா உக்காந்திருந்தாங்க.”

இதைத் தலைமையாசிரியர் முன்னால், சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்.

யாங் மிரானுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். சொன்னவள் நேற்று வந்த ஒப்பந்தக்காரி. அன்று ஏறின சூடு டிசம்பர் குளிரிலும் இறங்கவில்லை.

பிப்ரவரியோடு ஜுஹியின் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு பண்ணுகிற துணைத் தலைமையாசிரியருக்கு இங்கிலீஷ் வராது. மிரான் சொல்வதுதான் அவருக்கு வேதம்.

“பாத்துப் போடுங்கக்கா, பாவம்” என்று பக்கத்தில் இருந்த நாலாம் வகுப்பு டீச்சர் காதைக் கடித்தாள். பாவம் என்று சொன்ன வாயில் சிரிப்பு இருந்தது.

ஜுஹி ஒரு குடைப் படத்தைத் தூக்கிக் காட்டி, இதற்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டாள்.

வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். பின்னால் மற்ற டீச்சர்களோடு உட்கார்ந்திருந்த துணைத் தலைமையாசிரியருக்கு முகமெல்லாம் பல்.

மிரான் கைகளை உற்றுப் பார்த்தாள். பாதிப் பேர் வலது கையைத் தூக்கியிருந்தார்கள். பாதிப் பேர் இடது கையை.

அவளுக்குத் தெரியாத வித்தையா இது. பார்க்க ஆள் வருகிற நாட்களில் அவளே எத்தனை வருசம் செய்தது. விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. டீச்சர் வலது கைகளை மட்டும் கூப்பிடுவாள். வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு போவார்கள்.

மாட்டிக்கொண்டாள்.

மிரான் தன் தாளில் ‘நாடகம்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். அந்த ஒரு சொல் போதும், பிப்ரவரியில் மூட்டை கட்ட.

“தான்பி, நீ சொல்லும்மா.”

தான்பி தூக்கியிருந்தது இடது கை.

மிரானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரே நிற்கிற டீச்சருக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். இந்த வித்தையைப் புதுசாகச் செய்கிற எல்லாரும் விழுகிற குழி அது.

சிறுமி எழுந்து நின்று செருப்பைத் தரையில் தேய்த்தாள். ஜுஹி வேறு ஆளைக் கூப்பிடவில்லை. போய் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பின்னால் யாரோ இருமினார்கள். யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் வார்த்தை அரையும் குறையுமாக வந்தது.

அடுத்து உஜின். அவனும் இடது கை. அவனுக்கும் அதே மாதிரி காத்திருந்தாள்.

மூன்றாவதும் இடது கையாக இருந்தபோது மிரானின் சிரிப்பு நின்றது. வலது கைகள் தூக்கித் தூக்கி அலுத்து ஒவ்வொன்றாக இறங்கின.

பிறகு நூலகத்தில் கூடினார்கள். மேசைக்கு மேசை கமலா ஆரஞ்சும் அரிசிக் கேக்கும். வகுப்பு எடுத்தவர் முதலில் தன் குறையைத் தானே சொல்ல வேண்டும். பிறகு கை தூக்குகிறவர்களை அவரே பேச அழைக்க வேண்டும். அதுதான் முறை.

ஜுஹி எழுந்தாள்.

“நேரத்த இழுத்துட்டேன், அது என் தப்பு. தெரிஞ்சா வலது கை, தெரியாட்டி இடது கைங்கிற இந்த வித்தை என்னோடது இல்ல. சுன்சோன்ல மூணாம் வகுப்பு படிக்கும்போது எங்க இங்கிலீஷ் டீச்சர் சொல்லிக் குடுத்தது. வருசம் பூரா இடது கையத் தூக்கினேன். ஒரு தடவகூடக் கூப்பிடல.”

சுன்சோன், மிரான் முதன்முதலில் வேலை பார்த்த ஊர்.

அந்த ஊர் வகுப்பில் ஜன்னலோரம் நீண்டிருந்த இடது கைகளை அவள் யோசித்துப் பார்த்தாள். கைகள் ஞாபகம் வந்தன. முகம் ஒன்றுகூட வரவில்லை.

யாருக்காவது பேச வேண்டுமா என்று ஜுஹி கேட்டாள். மிரானின் வலது கையில் பேனா இருந்தது. இன்னொரு கை தானாக மேலே போனது.

ஜுஹி அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு நாலாம் வகுப்பு டீச்சரைப் பேச அழைத்தாள். அவளுக்குப் பின் இன்னொருவரை. அத்தோடு போதும் என்று நன்றி சொன்னாள்.

துணைத் தலைமையாசிரியர்தான் கவனித்தார், யாங் டீச்சர் கையைத் தூக்கியபடி இருக்கிறாரே என்று.

“இடது கைதான சார்,” என்றாள் ஜுஹி. “சொல்ல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.”

அறையே சிரித்தது. அப்படியென்றால் ஒப்பந்தத்தை நீட்டிக்க ஆட்சேபணை இல்லை என்று அவரும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

மிரான் கையை இறக்கினாள். இரண்டு கோடு போட்ட தாளைக் கசக்கி, ஆரஞ்சுத் தோலோடு சேர்த்து வைத்தாள்.