கோப்பிமேல் இரண்டு புகார்

“யாருண்ணே எழுதுனது? பேரை மட்டும் சொல்லுங்க!”

முதலில் இப்படிக் கேட்டது ரூபனா, அவன் மனைவி திலகாவா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. மாற்றிச் சொன்னாலும் சொல்லிவிடுவேன். இருவரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள், இருவருக்கும் ஒரே அளவு கோபம் இருந்தது. அது மட்டும் உறுதி.

மலையூரான பிரிஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடிக்கு நான்தான் செயலாளர். கீழ்த்தளத்தில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, அதுதான் அலுவலகம். ஒரு வாரத்துக்குள் நாயை வெளியேற்றச் சொல்லி நான் கொடுத்த நோட்டீஸ் ரூபன் கையில் கசங்கிக் கிடந்தது.

“உக்காருங்க.”

“உக்கார வரலண்ணே. மூணு வருஷமா கோப்பி எங்ககூட இருக்கு. இப்ப என்ன திடீர்னு?” என்றான் ரூபன்.

கோப்பி, ஆடு மேய்க்கும் இனத்து நாய். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ரூபன், நாய்க்குக் காப்பியின் பெயரை, கோப்பி என்று வைத்தது எங்கள் மாடியில் பழைய சிரிப்பு. இரண்டு அறை வீட்டில் ஆடு இல்லாததால் அது கண்ணில் பட்டவர்களையெல்லாம் மேய்த்தது. போன தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் பதினோரு பேரையும் சமையலறைக்குள் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

“விடிகாலை அஞ்சு மணிக்கு அதோட கியா பார்ம் ஏத்தம் வரைக்கும் ஓடுறேன். மழை, பனி எதுவும் பாக்கிறதில்ல. எல்லாம் யாருக்காக? இவ பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. இவளுக்கு அது பிள்ளை மாதிரிண்ணே” என்றான் ரூபன்.

“நான் திரிங்காப்புல பூத்தோட்டத்துல நாள் முழுக்க நின்னுகிட்டே பூ கட்டிட்டு வரேன். வந்ததும் ரெண்டு மணி நேரம் பந்து வீசணும். தோள்பட்டையே போயிடுச்சு. ஆனா அவருக்கு அது உசுரு. விட முடியுமா, சொல்லுங்க” என்றாள் திலகா.

“எத்தனை புகார் வந்துச்சு?” என்று ரூபன் கேட்டான்.

“ரெண்டு.”

“ரெண்டா?”

இதை இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

ஒரு வீட்டார் எழுதினால் எச்சரிக்கையோடு சரி. இரண்டு வீட்டார் எழுதினால் நாய் போகவேண்டும். அது எங்கள் அடுக்குமாடி விதி, அவர்களுக்கும் தெரியும். வெளியே முட்டைக்கோஸ் லோரி ஒன்று மேட்டில் திணறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கையால எழுதுனதா, டைப் பண்ணதா?” என்றாள் திலகா.

“கையாலதான். ஆனா காட்ட முடியாதும்மா. வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“காட்டவே வேணாம்” என்றான் ரூபன். “எனக்கே தெரியும். கீழ் வீட்டு நூர்தீன் பாய்தான். நாய்ன்னா அவருக்கு ஆகாது.”

“நானும் அதான் நெனச்சேன்” என்றாள் திலகா.

நல்ல நேரம் பார்த்து நூர்தீனே உள்ளே வந்தார். லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது என்று சொல்லத்தான் வந்திருந்தார். ரூபன் நேராகவே கேட்டுவிட்டான்.

“பாய், கோப்பியைப் பத்தி எழுதிக் கொடுத்தீங்களா?”

“அட, நான் எதுக்குலா எழுதணும்? அது கிட்ட வர்றதில்ல, தொடுறதில்ல. காலையில நீ கீழ வாசல்ல கட்டிப் போட்டா, தூரத்துல படுத்துக்கிட்டு ஒரு முறை முறைக்கும். என் பிள்ளைங்க நாலும் வரிசையா ஸ்கூல் வேன்ல ஏறிடுதுங்க. ஆசியா தொண்டை கிழியக் கத்துனாலும் ஏறாதுங்க. அதை அனுப்பிட்டா எங்க வீட்டுக்கு யாருப்பா கங்காணி?”

நான் சிரித்தேன். அவர்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

“நோட்டீஸா? குடு பாப்போம்” என்று வாங்கிப் படித்தார் நூர்தீன். “இதுக்கா பயப்படுறே? இன்னிக்கே இருபது வீட்ல கையெழுத்து வாங்கித் தரேன். நாய் இருக்கட்டும்னு நானே எழுதுறேன்.”

“வேணாம் பாய்!” என்றாள் திலகா.

“எங்களால உங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு? வேணாம் பாய்” என்றான் ரூபன்.

“என்னமோ போங்க” என்று நூர்தீன் படியேறினார்.

நான் மெல்லத் தொண்டையைச் செருமினேன். “ரிங்லெட்ல டீ தோட்டத்து மாடசாமி இருக்காரே, நாப்பது ஆடு வச்சிருக்கார். நேத்து பேசுனேன். சந்தோஷமா வாங்கிக்கிறேன்னாரு.”

ரூபன் மனைவியைப் பார்த்தான். “நீ தாங்குவியா?”

“நீங்க தாங்கிட்டா நானும் தாங்கிக்குவேன்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவனுக்கும்தான். அதில் பொய் இல்லை.

அப்புறம் நடந்தது இவ்வளவுதான். கோப்பி இப்போது ரிங்லெட் சரிவில் நாள் முழுக்க ஆடுகளைச் சுற்றி ஓடுகிறது. மாடசாமி உட்கார்ந்த இடத்தில் பீடி பிடிக்கிறார். நூர்தீனின் பிள்ளைகள் வாரத்துக்கு மூன்று நாள் வேனைத் தவறவிடுகிறார்கள். ரூபனும் திலகாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணி வரை தூங்கிவிட்டு கோப்பியைப் பார்க்கப் போகிறார்கள். எழுதிக் கொடுத்த மனசாட்சியில்லாத வீட்டார் யாரென்று போகும் வழியெல்லாம் பேசிக்கொள்கிறார்களாம். நான் இன்னும் செயலாளர்தான், விதியை மீறிய செயலாளர். அந்த இரண்டு கடிதங்களும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. ஒன்றின் அடியில், ‘என் மனைவிக்குத் தெரிய வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறது, மற்றதன் அடியில், ‘என் கணவருக்குத் தெரிய வேண்டாம்.’